பையன் வரலைன்னு யார் போய்க் கேட்கிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



"இளைஞர்களும் போதைத் தடுப்பும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிஷம். சாப்பாடு தயாராகிவிட்டது என்று வாசனையே சொல்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

குடித்தால் கல்லீரல் கெடும், குடும்பம் கெடும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதில் டாக்டரைவிட உங்களுக்கு அனுபவம் அதிகம். பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பையன்கள் போடுகிறார்கள். அதனால் தீமைகளை விட்டுவிடுகிறேன். 13 வயதிலிருந்து 18 வயது வரைக்கும் உள்ள நம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். இன்னும் தொடாத பிள்ளை, அல்லது இப்போதுதான் தொட்டுப் பார்த்திருக்கிற பிள்ளை. சங்கங்களால் முடிகிற காரியம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நம்ம மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் சேலம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது. அன்றைக்குத் தர்மபுரி தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடு சேர்ந்திருந்தது. நாம் தனியாகப் பிரிந்தது 1965இல். ஆக முதல் மதுவிலக்கு நம்ம பாட்டிமார்கள் பார்த்தது. 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கடை திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 2003 கடைசியில் சில்லறைக் கடைகளை அரசாங்க நிறுவனமே எடுத்துக்கொண்டது. இதை நான் கட்சி பேசுவதற்காகச் சொல்லவில்லை. சட்டம் வரும், போகும், நம்ம கண் முன்னாலேயே நான்கு தடவை மாறியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடையை மூடு என்று நாம் கிராம சபையில் மனு கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். 2016இல் 500 கடை, 2023இல் 500 கடை என்று மூடியதற்குப் பின்னால் ரோட்டில் உட்கார்ந்த பெண்களின் பங்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கஞ்சாவை எந்த அரசாங்கக் கடையில் விற்கிறார்கள்? உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற அந்தக் குட்டிப் பை எந்தக் கடையில் போர்டு போட்டு விற்கிறது? குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013இலேயே தமிழ்நாட்டில் தடை. வருஷா வருஷம் நீட்டிக்கிறார்கள். தடை செய்த பொருள்தான் ஏழாவது படிக்கிற பையன் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பையின் பேரை இங்கே நான் சொல்ல மாட்டேன். மலரில் அச்சடித்து நாமே விளம்பரம் பண்ண வேண்டாம். உங்கள் வீட்டுப் பையன்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

31 வருஷம் இந்த வேலையில் இருந்தேன். தொடங்குகிற வழி எப்படி என்று கொஞ்சம் தெரியும். பாட்டிலிலிருந்து யாரும் தொடங்குவதில்லை. பெரும்பாலும் அந்தக் குட்டிப் பைதான் முதலில். வாயைத் திறக்கச் சொன்னால் கீழுதட்டின் உள்பக்கம் வெள்ளையாகத் தோல் உரிந்திருக்கும். "என்னடா இது" என்றால் "சூடா டீ குடிச்சேன் நர்சம்மா" என்பான். அடுத்தது பீர். திருவிழா, கிடா வெட்டு, சாவு வீட்டு மேளம், பிரண்டுக்குப் பிறந்த நாள். பிறகு சில பேர் கஞ்சா, சில பேர் வலி மாத்திரை. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன சின்னப் பிள்ளைகளிடம் பஞ்சர் பசை, தின்னர் வாசனை. 2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்த கணக்கில், பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த போதை இந்த முகர்கிற வகை ஒன்றுதான். அது போதைப் பொருள் சட்டத்தில் மாட்டாத பொருள். சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

கொடுக்கிறது யார்? கேட்டுக்கு வெளியே மறைந்து நிற்கிற வில்லன் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். அப்படிப்பட்டவனும் இருக்கிறான். ஆனால் முதல் தடவை கொடுக்கிறவன் பெரும்பாலும் தெரிந்தவன். பெரியப்பா மகன். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் லீவில் வந்த அண்ணன். கல்யாண வீட்டில் தாய்மாமன், "ஆம்பளப் பையன்தானே, ஒரு வாய் குடி" என்று டம்ளரை நீட்டுகிறவர். அப்பாவே பையனிடம் காசு கொடுத்து வாங்கி வரச் சொல்கிற வீடும் இருக்கிறது. இதை நாம் விளையாட்டு என்று நினைக்கிறோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் 77வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 18 வயது ஆகாத பிள்ளைக்கு மது, போதைப் பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் 7 வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பிள்ளையை விட்டு அதை விற்க வைத்தாலும், எடுத்துவரச் சொன்னாலும் அடுத்த பிரிவில் அதே தண்டனை. தாய்மாமனுக்கும் அதே சட்டம்தான். நம்ம மாநிலத்தில் 21 வயது ஆகாதவருக்குக் கடையில் மது விற்கவே கூடாது. கேசு போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்தில் மாமன் டம்ளரை நீட்டினால், "அண்ணா, இதுக்கு ஏழு வருஷம்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கை தானாகக் கீழே இறங்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கத்தில் ஒரு உறுப்பினர் ஒரு தவணை கட்டவில்லை என்றால் என்ன நடக்கிறது? மறுநாள் காலையில் ஊக்குநர் வாசலில் நிற்கிறார். "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பின்னால் பணம் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. 1989இல் இதே தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பித்த நாளிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அது. ஒரு வாரம் தப்பினால் போய்க் கேள். நான்கு வாரம் ஆகிவிட்டால் கேட்பது கஷ்டம்.

அதே உறுப்பினரின் பையன் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. யார் போய்க் கேட்கிறது? வாத்தியார் போன் போடுவார், அந்த நம்பர் அணைந்திருக்கும். பையன் பத்தாவதில் ஒரு பாடம் போயிற்று என்றால் அதோடு அவன் எந்த நோட்டிலும் இல்லை. பள்ளிக்கூட நோட்டிலும் இல்லை, வேலைக்கார நோட்டிலும் இல்லை. தேர்வு முடிவு வந்ததிலிருந்து அடுத்த வருஷம் வரைக்கும் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் செட்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் பார்த்த பையன்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வருஷத்தில்தான் வழுக்கினார்கள்.

தாய்க்குத் தெரியாதா என்றால், தெரியும். சீக்கிரமே தெரியும். சர்க்கரை டப்பாவில் வைத்த ஐம்பது ரூபாய் காணாமல் போகும். ராத்திரி தூங்க மாட்டான், பகலெல்லாம் படுத்திருப்பான். புது நண்பர்கள் வீட்டுக்குள் வர மாட்டார்கள், தெரு முனையில் வண்டியில் இருந்தே ஹாரன் அடிப்பார்கள். சாப்பாடு மாறும், கோபம் மாறும். இதில் ஒன்று இரண்டு இருந்தால் அது வயசுக் கோளாறாகவும் இருக்கும், உடனே பையைக் கொட்டிச் சோதனை போட்டு ஊரைக் கூட்ட வேண்டாம். ஆனால் நான்கைந்து சேர்ந்து வந்தால் தாயின் வயிறு சொல்லிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் இது வராது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

தெரிந்த பிறகு தாய் என்ன செய்கிறாள்? மறைக்கிறாள். புருஷனுக்குத் தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவான். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் முந்தானைக்குள் மறைத்து வைக்கிறாள். போதைக்கு அந்த ஒரு வருஷம் போதும்.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு உறுப்பினர், கட்டட வேலைக்குப் போகிறவர், பத்து வருஷமாகத் தவணை தப்பாதவர். மூன்று மாதத்தில் இரண்டு தடவை உள்கடன் கேட்டார். முதலில் ஐயாயிரம், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் என்றார். அடுத்தது மூவாயிரம், அதுவும் காலேஜ் ஃபீஸ். ஊக்குநர் எட்டாவது வரைக்கும்தான் படித்தவர், ஆனால் கணக்கில் புலி. அவர் மகளும் அதே காலேஜ். ஃபீஸ் எப்போதோ கட்டி முடித்தாயிற்று என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. கடனைக் கொடுத்து நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் தவிடு கேட்கிற சாக்கில் வீட்டுக்குப் போனார். "அக்கா, இந்தப் பணம் எங்க போகுதுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரியுமா, அது மட்டும் சொல்லு" என்றார். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சாவில் ஆரம்பித்து மாத்திரைக்குப் போயிருந்தது. செட்டுக்குப் பையன் பணம் பாக்கி. வீட்டுக்கே வந்து மிரட்டினார்கள். தாய் வட்டி கட்டுவது போல மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக.

மறுநாள் இருவரும் என்னிடம் வந்தார்கள். பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். நான் அறிவுரை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஊக்குநர் அவனைப் பார்த்து, "சாமி, உனக்குத் தூக்கம் வருதாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். நிம்மதியாகத் தூங்கி எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. தூங்குவதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான், திருந்துவதற்காக இல்லை. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டினோம். இரண்டு மாதம் நன்றாக இருந்தான். திருவிழாவில் மறுபடி போட்டான். மறுபடி கூட்டிப்போனோம். இன்னொரு தடவையும் சறுக்கினான். டாக்டரம்மா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. "சுகர் மாதிரிதான்மா இது, ஏறும் இறங்கும், விடாம வாங்க" என்றார். இப்போது மூன்று வருஷமாகத் தொடவில்லை. காலேஜ் முடிக்கவில்லை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற மினி வேன் ஓட்டுகிறான். இன்றைக்கும் ஒரு குறிப்பிட்ட தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. நான் கையில் தடுப்பூசி போட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், ராத்திரி போதையில் பைக் ஓட்டிப் போய்விட்டார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. அந்தத் தாய்மார்கள் இரண்டு பேரும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் ஆரம்பத்தில் அங்கே பெண்களுக்கு ராத்திரியில் அறிவொளிப் பள்ளி நடந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் கதை, சாராயத்தால் அவஸ்தைப்படுகிற பெண். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது ஒவ்வொருத்தியும் "இது என் கதை" என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அது வீட்டு விஷயம். அன்றைக்கு அது ஊர் விஷயம் ஆயிற்று. ரோசம்மா என்கிற பெண் முன்னால் நின்றார். சாராயக் கடையை மூட வைத்தார்கள், அது மாவட்டம் பூரா பரவி, மாநிலம் பூரா பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் தோல்விதானே என்று கேட்பீர்கள். சாராயத்துக்குப் போகிற காசில் தினம் ஒரு ரூபாய் சேர்ப்போம் என்று அதே நெல்லூர்ப் பெண்கள் சேமிப்புக் குழு ஆரம்பித்தார்கள். சட்டத்தை எடுத்த பிறகும் அந்தக் குழுக்கள் நின்றன. அதனால்தான் நான் சங்கத்தை நம்புகிறேன், சட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

இனி செய்ய வேண்டியது. கூட்டமைப்பு ஒத்துக்கொண்டால் வாராந்திரக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எழுதிய பிறகு ஒரு கேள்வி கேட்போம்: இந்த வாரம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை யார் வீட்டில்? படிப்பை நிறுத்தின பிள்ளை யார் வீட்டில்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதக் கூடாது, அது வங்கிக்கும் தணிக்கைக்கும் போகிற நோட்டு. ஊக்குநர் மனசில் இருந்தால் போதும். மறுநாள் போக வேண்டும். போதை என்ற வார்த்தையையே எடுக்க வேண்டாம். தூங்கினானா, சாப்பிட்டானா, டுடோரியல் சேர்த்து மறுதேர்வு எழுத வைக்கலாமா, ஐ.டி.ஐ. விண்ணப்பம் போடலாமா, இதைக் கேட்டால் போதும். நம்மில் நிறையப் பேர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே வருகைப் பதிவேட்டையும் ஒரு பார்வை பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பையன்கள் இருட்டில் உட்காருகிற இடம் எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். அங்கே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு வாலிபால் நெட்டு. ஊராட்சியில் கேட்டால் கிடைக்கிற சின்ன விஷயம்தான்.

அடுத்து சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். நம்ம சங்கக் கடனில் வைத்த பெட்டிக் கடைகள் இருக்கின்றன. அதில் சில கடைகளில், மிட்டாய் ஜாருக்குப் பின்னால், அந்தக் குட்டிப் பை இருக்கிறது. லாபம் அதிகம், எனக்குத் தெரியும். ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் கிடைக்காதது அதில் கிடைக்கிறது. இப்போது கைதட்டல் நின்றுவிட்டது, பரவாயில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சாதாரண பீடி சிகரெட்டே விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து கடைக்குச் சீல் வைத்தால் அந்தத் தவணையும் நின்றுபோகும், அது வேறு கதை. அவர் வரும் வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டாம். பெட்டிக் கடைக்குக் கடன் கொடுக்கும்போது "இது விற்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்போம். ஏற்கெனவே விற்கிற சகோதரிகளுக்கு வேறு சரக்கு வைக்கக் கொஞ்சம் கூடுதல் கடன் கொடுப்போம். அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இன்னும் மூன்று செய்தி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள். 1985ஆம் வருஷப் போதைப் பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் முழுசாகச் சிகிச்சை எடுத்தால், அவர் உபயோகித்ததற்காக வழக்கிலிருந்து காக்கிற பிரிவு அது. விற்கிறவனுக்கு இல்லை, கவனியுங்கள்.

இரண்டாவது, தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்து "இன்னையோட நிறுத்து" என்று செய்ய வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதே போல, "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற மருந்தை வாங்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதோ. குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரைகளிலேயே, சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளையே சாய்க்கிற மாத்திரை உண்டு. கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். கயிறு கட்டி நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருக்கிறவரைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்பத்தெட்டு நாளுக்குள் டாக்டரிடமும் கூட்டிப்போய்விடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, இது ஒழுக்கக் கேடு என்று நினைக்கிற வரைக்கும் யாரும் சிகிச்சைக்கு வர மாட்டார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்கிற அம்மா, கணவரைக் குடிநோயில் இழந்தவர். பெரிய குடும்பம், மறைத்திருக்கலாம். அவர் 1980இல் டி.டி. ரங்கநாதன் பேரிலேயே அடிமை மீட்புச் சிகிச்சை நிலையம் ஆரம்பித்தார். அந்த நிலையத்து ஆட்கள் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, நோயாளியோடு மனைவியையும் ஊரையும் சேர்த்து உட்கார வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 1992இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மூடி வைத்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியே இல்லை.

நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446. மனசு சரியில்லை, பிள்ளை விபரீதமாகப் பேசுகிறான் என்றால் 14416. சின்னப் பிள்ளையை யாராவது இதில் இழுத்துவிட்டால் 1098. விற்கிற இடத்தைப் பற்றிச் சொல்ல 10581. எல்லாம் இலவசம். பேனா இல்லாதவர்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். "அரிசிக் கடை" என்று பேர் போட்டுப் பதிந்துகொண்டாலும் சரி, வீட்டில் கேள்வி வராது.

கூட்டத்தில் கேட்கிற அந்தக் கேள்வியையும், பெட்டிக் கடைக் கடன் நிபந்தனையையும் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரச் சகோதரிகள் அன்றைக்கு அவசியம் வர வேண்டும், அவர்கள் இல்லாமல் அதை நிறைவேற்றக் கூடாது என்பது என் வேண்டுகோள். பந்தி இரண்டு பக்கமும் போட்டிருக்கிறார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் முதலில் உட்காருங்கள்.